காற்றைத் தின்னும் காடி

ஐந்து லிட்டர் வி8 என்ஜின் உள்ள ஃபோர்டு மஸ்டாங்கைத் தன் சொந்தப் பெயரில் வைத்திருப்பவர், மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டுக்குக் கட்ட வேண்டிய ரோட் டேக்ஸ் 10,909 ரிங்கிட் 50 சென். பழைய புரோட்டோன் ஒன்றில் 1,597 சிசி மிட்சுபிஷி ‘மிவெக்’ என்ஜினை முறைப்படி பதிந்து வைத்திருப்பவருக்கு அதே ரோட் டேக்ஸ் 90 ரிங்கிட். மஸ்டாங்கின் திறன் 400 குதிரைக்குச் சற்று மேலே. மிவெக்கின் திறன் 175. திறனில் வித்தியாசம் இரண்டரை மடங்கைத் தாண்டாது. வரியில் வித்தியாசம் 121 மடங்கு.

பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறை வடக்கில், நெல்வயல்களுக்கும் பெர்த்தாம் டோல் சாவடிக்கும் நடுவே இருக்கிறது கெப்பாலா பத்தாஸ். இந்த வட்டாரத்துச் சாலையோரப் பட்டறைகளில் அமெரிக்க ‘மஸில் கார்’ எதையும் தேட வேண்டாம். அமெரிக்காவில் 1960களின் கமாரோவுக்கும் செவெல்லுக்கும் இளைஞர்கள் செய்வதை, இங்கே புரோட்டோனின் சாகாவுக்கும் வீராவுக்கும் சத்ரியாவுக்கும் செய்கிறார்கள். உடம்பு பழையது, உள்ளே இருப்பதெல்லாம் பிந்திய காலத்து என்ஜின், பிரேக், கணினி. ஏன் இங்கே அது இந்த வடிவம் எடுத்தது என்பதற்கு அந்த 121 மடங்கே பாதி விடை. மீதி விடையைச் சொல்ல இயற்பியல் வேண்டும்.

விதியின் சந்தில் பிறந்த கார்

1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல், என்ஜின் வைக்கக் கூடாது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடன் வேலை பார்த்த பில் காலின்ஸ், ரஸ் ஜீ இருவரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். அவர்களுடைய 326 கன அங்குல என்ஜினும் 389 கன அங்குலப் பெரிய என்ஜினும் வெளியளவில் ஒன்றுபோலவே இருந்தன. சின்னது உட்காரும் மவுண்டிங்கில் பெரியதும் உட்காரும். கட்டுப்பாடு கார் மாடலுக்குத்தானே, கூடுதலாகக் கேட்டு வாங்கும் ஆப்ஷனுக்கு இல்லையே என்று, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 6.4 லிட்டர் என்ஜினை ஆப்ஷனாக நுழைத்தார்கள். 1964-ஆம் ஆண்டு மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓ இப்படிப் பிறந்ததுதான். மஸில் கார் என்ற வகையே, சின்ன உடம்பில் பெரிய என்ஜினை மாட்டிய ஒரு வேலையில் தொடங்கியது.

மலேசியாவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 1985 ஜூலை 9-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் வழிவந்தது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் பாலத்தைக் கடந்தது ஒரு சிவப்புச் சாகாவில். 1993-இல் வந்த வீராவும் லான்சர்தான். அந்தத் தலைமுறை லான்சரின் உடம்பிலிருந்துதான் 1992-இல் மிட்சுபிஷி தன் ரேலி பந்தயக் குதிரையான ‘எவலூஷன்’ காரைச் செய்தது. ஆகவே கோலாலம்பூரில் குடும்பக் காராக விற்ற வீராவுக்கும், ஜப்பானில் 270 குதிரைத்திறனுடன் விற்ற எவோ 3-க்கும் எலும்புக்கூடு ஒன்றே. போன்டியாக் பொறியாளர்கள் கண்ட அதே ‘இது அங்கே உட்காரும்’ என்ற வாய்ப்பு, மலேசியாவில் ஒவ்வொரு தாமானிலும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

பாதியாக வெட்டி வந்த கார்

என்ஜின் எங்கிருந்து வரும்? ஜப்பானில் புதுக் காருக்கு முதல் மூன்று ஆண்டு கழித்தும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை. செலவு அதிகம். அதனால் நன்றாக ஓடக்கூடிய கார்களையே பலர் கைகழுவிவிடுகிறார்கள். அதை முழுக் காராக மலேசியாவுக்குள் கொண்டுவர ‘ஏபி’ எனப்படும் அனுமதியும் கனத்த வரியும் வேண்டும். குறுக்கே வெட்டிவிட்டால் அது கார் இல்லை, உதிரிபாகம். இப்படி வந்ததுதான் ‘ஹாஃப்கட்’. இரு நாட்டிலும் வண்டி ஓட்டுவது சாலையின் இடப்பக்கம், ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே வெட்டப்பட்ட முன்பாதி அப்படியே பயன்படும்.

ஹாஃப்கட்டின் மதிப்பு என்ஜினில் மட்டும் இல்லை. கூடவே கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், முன் பிரேக், டேஷ்போர்டு, எல்லாவற்றையும் இணைக்கும் வயரிங், அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஈசியு என்ற கணினி, எல்லாம் ஒரே குடும்பமாக வந்து இறங்கும். அனுபவமுள்ள போர்மேன் என்ஜினை விலை பேசுவதற்கு முன் வயரை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். இரும்பை வெல்டிங் செய்து ஒட்டிவிடலாம். கணினிக்கும் சென்சாருக்கும் நடுவே அறுபட்ட கம்பிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து இணைப்பதுதான் நாட்களைத் தின்னும்.

பெட்ரோலை விடக் காற்று முக்கியம்

என்ஜின் பெட்ரோலால் ஓடுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப் பார்த்தால், ஒரு கிராம் பெட்ரோல் முழுதாய் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அதற்கு ஈடாகக் காற்றை உள்ளே இழுப்பதுதான் பாடு. என்ஜினைக் காற்று பம்பு என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

பழைய சாகாவின் 1.3 லிட்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். ஆக, நொடிக்கு 65 லிட்டர் காற்று. குழாய், வால்வு, கார்புரேட்டர் எல்லாம் குறுக்கே நிற்பதால் அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் உள்ளே போய்ச் சேரும். எடையில் சுமார் 62 கிராம். அதற்கு நான்கு கிராமுக்குச் சற்று மேல் பெட்ரோல் எரியும், ஒரு தேக்கரண்டி அளவு. அதிலிருந்து வெளிப்படும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. விடை சுமார் 70 குதிரைத்திறன். சாகா உண்மையில் தந்ததும் அந்த அளவுதான். மீதி ஆற்றல் முழுவதும் வெப்பமாகி, புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போய்விடுகிறது.

இன்னும் காற்று வேண்டுமென்றால் மூன்று வழி. முதலாவது, என்ஜினைப் பெரிதாக்குவது. இது அமெரிக்க வழி. 1971 வரை அங்கே விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன், மின்விசிறி, புகைக்குழாய் எதுவும் மாட்டாமல் வெறும் என்ஜினை மேசையில் வைத்து அளந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜிடிஓவின் 325 என்பது அப்படிப்பட்ட கணக்கு. 1997-இல் கார்வெட் காரில் வந்த 5.7 லிட்டர் ‘எல்எஸ்1’ அலுமினிய என்ஜினின் 345, காரில் மாட்டிய நிலையில் அளந்தது. இன்று அமெரிக்காவில் பழைய கமாரோவைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் எல்எஸ் குடும்பத்தைத் தேடுவதற்குக் காரணம், அதிகத் திறனுடன் குறைந்த எடையும் சிறிய உருவமும் அதில் கிடைப்பதுதான்.

இரண்டாவது வழி, சின்ன என்ஜினை அதிக வேகத்தில் சுழற்றுவது. 1992-இல் வந்த மிவெக் இந்த வழி. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் இரண்டு வடிவங்கள்: சாதாரண ஓட்டத்துக்கு மெல்லத் திறக்கும் ஒன்று, வேகம் ஏறியதும் எண்ணெய் அழுத்தத்தால் மாறிக்கொள்ளும், அதிக நேரம் அகலமாகத் திறக்கும் இன்னொன்று. 7,500 சுற்றில் இந்த 1.6 லிட்டர் என்ஜின் இழுக்கும் காற்று, நொடிக்கு 100 லிட்டர்.

அந்த வேகத்தில் உள்ளே நடப்பதை ஒரு கணம் நெருங்கிப் பார்க்கலாம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் இடத்தில், அதன் வேகம் சுழியாகி எதிர்த்திசைக்கு மாறுகிறது. மிவெக்கின் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 77.5 மில்லிமீட்டர். 7,500 சுற்றில், அந்தத் திருப்பத்தில் பிஸ்டனை இழுக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 3,000 மடங்கு. பிஸ்டனின் எடையை 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடில் 900 கிலோ தொங்குகிறது. ஒரு சாகாவின் எடையே அவ்வளவுதான். அதுவும் நொடிக்கு 125 முறை. வேகம் இரட்டித்தால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். 7,500 என்பதை 9,000 ஆக்கிப் பார்க்கலாமே என்று ஆசைப்படுகிறவரின் என்ஜினில் ராட் பிய்த்துக்கொண்டு வெளியே வருவது இதனால்தான்.

மூன்றாவது வழி டர்போ. எவோவின் 1,997 சிசி ‘4ஜி63’ என்ஜின் இந்த வகை. வெளியே வீணாகப் போகும் சூடான புகையை ஒரு சிறு விசிறியில் மோதவிட்டு, அது சுற்றும் அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறியை வைத்துக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. உள்ளங்கையில் அடங்கும் அந்த விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்கி நிற்பது எண்ணெயின் மெல்லிய படலம். ரோட் டேக்ஸ் கணக்கில் இது இரண்டு லிட்டருக்குள்தான் வருகிறது: ஆண்டுக்கு 378 ரிங்கிட் 50 சென். சட்டம் சிலிண்டரின் கொள்ளளவை அளக்கிறது; என்ஜின் தின்பதோ காற்றின் எடையை. டர்போவின் பிழைப்பு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் நடக்கிறது.

சுழிகளை எண்ணும் கணினி

எவ்வளவு காற்று வந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்ய முடியும். கார்புரேட்டர் இதை ஒரு குத்துமதிப்பாகச் செய்தது. எவோவின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சென்சார் இதைச் செய்யும் விதம் அழகானது.

கெப்பாலா பத்தாஸ் வயல்வெளியில் ஓடும் பாசன வாய்க்காலில் ஒரு கம்பு நட்டிருந்தால், அதன் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழி விட்டுப் போவதைப் பார்க்கலாம். தண்ணீர் வேகமாக ஓடினால் சுழிகள் அடுத்தடுத்து விரைவாகப் பிறக்கும். ஹங்கேரியில் பிறந்த தியடோர் வான் கார்மன் 1911-12-இல் இந்தச் சுழி வரிசைக்குக் கணித விளக்கம் கொடுத்தார். மிட்சுபிஷி சென்சாரில் காற்றின் பாதையில் ஒரு சிறு தூண் நிற்கிறது. அதன் பின்னால் பிறக்கும் சுழிகளைச் சென்சார் எண்ணுகிறது. எண்ணிக்கை கூடினால் காற்று கூடுகிறது என்று பொருள். ஆனால் இது காற்றின் கொள்ளளவைத்தான் சொல்லும். ஆகவே பக்கத்திலேயே வெப்பத்தையும் வளிமண்டல அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துத்தான் கணினி காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. ஹாஃப்கட்டிலிருந்து என்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு இந்தப் பெட்டியை விட்டுவிட்டு வந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

வெப்பத்தை ஏன் அளக்க வேண்டும்? பத்து டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் காற்றைவிட, 33 டிகிரியில் இருக்கும் காற்று எட்டு விழுக்காடு லேசு. போதாக்குறைக்கு நம் ஊர்ப் புழுக்கம். 33 டிகிரியில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால், காற்றில் மூன்றரை விழுக்காடு வெறும் நீராவி. அது எதையும் எரிக்காது. ஹொக்கைடோவின் இலையுதிர் காலத்தில் ஓடிய அதே என்ஜின், செபராங் பிறை மத்தியானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூச்சை இழந்துவிடுகிறது.

டர்போவில் இது இன்னும் கடுமை. காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அது சூடேறும். 33 டிகிரியில் உள்ளே போன காற்று 130 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியே வரும். சூடான காற்று விரிந்து நிற்பதால், இருமடங்கு அமுக்கியும் கிடைப்பது ஒன்றரை மடங்குக் காற்றுதான். அதனால்தான் முன் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் வைக்கிறார்கள். அது காற்றை 55 டிகிரிக்கு இறக்கிவிட்டால், ஒன்றரை மடங்கு 1.87 மடங்காகும். சூட்டைக் குறைக்காமல் விட்டால் இன்னொரு ஆபத்து: பிளக் தீப்பொறி விட்ட பிறகு ஒழுங்காகப் பரவ வேண்டிய தீ, மூலையில் தானாகப் பற்றி வெடிக்கும். ‘நாக்கிங்’ என்பது இதுதான். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழ இது சில நொடி நீடித்தால் போதும். ரோன் 95 பெட்ரோலுக்கும் 97-க்கும் உள்ள வித்தியாசம் இந்த வெடிப்பை எவ்வளவு தாங்கும் என்பதே.

பலவீனம் இடம் மாறும்

என்ஜின் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பலவீனம் அடுத்த இடத்துக்கு நகர்கிறது. 70 குதிரைக்குச் செய்த ரேடியேட்டர், பெர்த்தாமிலிருந்து சுங்கை பட்டாணி போவதற்குள் கொதிக்கும். அதை மாற்றினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். அதையும் தாண்டினால் டயர்.

டயரின் கணக்குதான் பலரை வியக்க வைக்கும். சாகா முன்சக்கரத்தில் ஓடும் கார். வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சாய்ந்துவிடுவதால், இழுக்க வேண்டிய முன்சக்கரத்தின் பிடி குறைகிறது. 900 கிலோ எடை, நல்ல டயர், உலர்ந்த தார்ச்சாலை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் இப்படிப்பட்ட காரால் சாலைக்குக் கொடுக்க முடிந்த திறன் 60 முதல் 65 குதிரை. அதற்கு மேல் மிதித்தால் டயர் சத்தமும் புகையும்தான் கூடும், கார் முன்னால் போகாது. எவோவில் நான்கு சக்கரமும் இழுப்பதன் காரணம் இதுவே. வீராவுக்குள் எவோவின் நான்கு சக்கர இயக்கத்தையும் சேர்த்து மாற்றுபவர்கள், தரைத் தகட்டையே வெட்டி மாற்றும் அளவுக்குப் போவதற்கும் இதுவே காரணம்.

டயர் சரியானால் பிரேக். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் 900 கிலோ காரை நிறுத்த 125 கிலோஜூல் வெப்பத்தை பிரேக் விழுங்க வேண்டும். 120-இல் அது 500 கிலோஜூல். இதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து எட்டு கிலோ இரும்பு என்றால், ஒரே ஒரு முறை முழுதாய் நிறுத்தியதிலேயே அவற்றின் சூடு 95 டிகிரி ஏறிவிடும். அடுத்தடுத்து இப்படி அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் எண்ணெய் கொதிக்கத் தொடங்கலாம். கொதித்த எண்ணெயில் குமிழி, குமிழியை அமுக்கினால் பெடல் தரையைத் தொடும். நடுவில் காற்றுப் போக வழியுள்ள தடித்த டிஸ்க்கை ஹாஃப்கட்டிலிருந்து கழற்றி மாட்டுவது அழகுக்காக இல்லை. “மிவெக் போட்டா எவ்வளவு போகும்ணே?” என்று கேட்கிற தம்பியிடம், “எவ்வளவில நிக்கும்னு முதல்ல கேளு” என்று சொல்லும் போர்மேன் தொழில் தெரிந்தவர்.

ஹாஃப்கட்டிலிருந்து கழற்றி மாட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உடம்பு, மோதலில் மடங்கி ஆளைக் காக்கும் இன்றைய வடிவமைப்புக்கு முந்தையது. ஏர்பேக் கிடையாது. நம் ஊர் மழையிலும் புழுக்கத்திலும் துருப்பிடித்த வெல்டிங் புள்ளிகள் வேறு. சஸ்பென்ஷன் மேடைகளை இணைக்கும் குறுக்குக் கம்பி போட்டால் வளைவில் உடம்பு முறுக்காமல் நிற்கும். மோதும்போது அது உயிரைக் காக்காது.

கடைசிப் பலவீனம் காகிதம். என்ஜின் எண் ‘கிராந்து’ எனப்படும் வாகனப் பதிவுச் சான்றிதழில் பதிவாகியிருக்கும். மாற்றினால் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். பரிசோதனையிலும் தேற வேண்டும். பழைய சிசி கணக்கில் வரி கட்டிக்கொண்டு புது என்ஜினில் ஓடுகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் போலீஸ் தடுப்பு இல்லை, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மேசை.

இந்தக் கதை முழுவதையும் நடத்தியது, அளக்க வேண்டியதை விட்டு வேறொன்றை அளந்த விதிகள்தான். ஜெனரல் மோட்டார்ஸ் கார் மாடலை அளந்தது, ஆப்ஷனை விட்டுவிட்டது. மலேசியச் சுங்கம் முழுக் காரை அளந்தது, பாதிக் காரை விட்டுவிட்டது. ரோட் டேக்ஸ் சிசியை அளந்தது, காற்றின் எடையை விட்டுவிட்டது. மின்சாரக் கார்களுக்குச் சிலிண்டர் இல்லை, சிசி இல்லை. 2026 முதல் மலேசியாவில் அவற்றின் ரோட் டேக்ஸ் மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திறனை நேரடியாக அளக்கும் சட்டத்தில், கொள்ளளவைக் குறைத்துத் திறனைக் கூட்டும் வித்தைக்கு வேலையில்லை. ஆனால் டயரின் பிடி, பிரேக்கின் சூடு, உடம்பின் எடை ஆகியவற்றுக்கு மலேசியாவின் ரோட் டேக்ஸ் கணக்கில் இடமில்லை. நாளைக்குக் கெப்பாலா பத்தாஸில் பழைய காரைப் புதுப்பிக்கப் போகும் பிள்ளைகள் கை வைக்க வேண்டிய இடங்களும் அவைதாம். அங்கே செலவு செய்த காரை ஓட்டிப் பார்த்தவருக்கு, 175 குதிரையே தாராளம் என்று தெரிந்துவிடும்.